ஒட்டியிருப்பதும் ஊடுருவுவதும்

தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது நம்மில் பலர் கடந்துசெல்லும் கட்டடம் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து புக்கிட் தீமா சாலையோரமாக நடந்தால் சில நிமிடங்களில் வந்துவிடும். 'கேகே' என்பது கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரின் சுருக்கம். எருமைக் கொட்டில் என்று பொருள். இந்த வட்டாரத்தில் மாடு வளர்ப்பும் மாட்டு வணிகமும் நடந்த காலத்துப் பெயர் அது. 1924ல் மகப்பேற்று மருத்துவமனையாக மாறிய கேகே, 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 பிரசவங்களைப் பார்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் அங்கேயே பிறந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அந்த 1966ல், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தை பிழைப்பது உலகில் எங்குமே அரிது. இன்று நிலைமை வேறு. 2020 ஜூன் மாதம் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 25 வாரங்கள்கூட நிறையாமல் பிறந்தது. எடை 212 கிராம். அந்தக் குழந்தை 13 மாதங்களுக்குப் பிறகு வீடு திரும்பியது. மருத்துவம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

ஆனால் பிழைக்கவைப்பதற்கும் வீட்டுக்கு அனுப்புவதற்கும் இடையே பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் இருக்கின்றன. அந்த நாள்களில் பெற்றோர் புதிய சொற்கள் பலவற்றைக் கேட்கிறார்கள். மூச்சுக்குழாய், மஞ்சள் காமாலை விளக்கு, குடல் வீக்கம். இவற்றுக்கெல்லாம் ஓரளவு மனம் தயாராகிவிடுகிறது. சற்றும் எதிர்பாராமல் வந்து விழும் சொல் ஒன்று உண்டு: பூஞ்சை.

"பூஞ்சையா? ரொட்டியிலும் ஊறுகாயிலும் பிடிக்கிறதே, அதுவா?" என்று திகைக்கிறார்கள். அடுத்த கேள்வி குடும்பத்துக்குள் எழுகிறது. "இது எங்கிருந்து வந்தது? யாரிடமிருந்து?" பெரும்பாலும் எல்லாக் கண்களும் தாயின் பக்கம் திரும்புகின்றன. இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

குடியேறுவது ஒன்று, நோய் இன்னொன்று

குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் பூஞ்சைகளில் முதலிடம் கேண்டிடா என்ற குடும்பத்துக்கு. ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டின் தூரத்து உறவு இது. நம் எல்லோரையும் சுற்றி இருப்பது. வாயில், குடலில், தோல் மடிப்பில், பெண்களின் பிறப்புறுப்புப் பாதையில் சத்தமில்லாமல் வாழும். ஐந்து பெண்களில் ஒருவருக்காவது எந்தத் தொந்தரவும் இல்லாமல் இது இருக்கும். கர்ப்ப காலத்தில் இன்னும் சற்று அதிகமாகும். அது அழுக்கின் அடையாளம் இல்லை, நோயும் இல்லை.

பிறந்த குழந்தையின் தோலிலும் வாயிலும் குடலிலும் கேண்டிடா வந்து தங்குவதை மருத்துவர்கள் 'குடியேற்றம்' என்பார்கள். பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பரிசோதித்தால் பூஞ்சை தெரியும், ஆனால் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. இது ஒட்டியிருக்கும் நிலை. அதே பூஞ்சை ரத்தத்துக்குள் புகுந்து மூளை, சிறுநீரகம், இதயம், கண் என்று பரவினால் அது ஊடுருவும் தொற்று, உயிருக்கே ஆபத்தானது. மருத்துவர் "பூஞ்சை இருக்கிறது" என்று சொன்னால் பெற்றோர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒட்டியிருக்கிறதா, உள்ளே போய்விட்டதா?

நிறைமாதத்தில் பிறந்து வீட்டில் இருக்கும் குழந்தையின் நாக்கில், துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் வருகிறதே, அதுவும் கேண்டிடாதான். மருத்துவர் தரும் சொட்டு மருந்தில் சில நாள்களில் சரியாகிவிடும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதற்காக யாரும் பயந்துவிட வேண்டாம்.

குறைமாதக் குழந்தையின் கதை வேறு. அதற்கு இன்னும் மூன்று மதில்கள் எழும்பவில்லை. முதல் மதில் தோல். 24, 25 வாரத்தில் பிறந்த குழந்தையின் தோல் ஈரக் காகிதம் போல இருக்கும். ஒட்டிய பிளாஸ்திரியை எடுத்தாலே உரிந்துவிடும். இரண்டாவது, தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்புப் புரதங்கள். இவற்றில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை. மூன்றாவது, குடலில் குடியிருந்து பூஞ்சைக்கு இடம்விடாமல் பார்த்துக்கொள்ளும் நல்ல பாக்டீரியாக்கள். அவை வந்து சேர்வதற்குள் பல குழந்தைகளுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கவேண்டி வந்துவிடுகிறது. அந்த மருந்து கெட்ட பாக்டீரியாவோடு நல்லதையும் அழித்துவிடும். பூஞ்சையை அது தொடாது. காலியான வீட்டில் பூஞ்சை சுலபமாகக் குடியேறுகிறது.

இதற்கு மேல், உயிரைக் காக்கும் கருவிகளே வாசலாகவும் ஆகிவிடுகின்றன. பால் செரிக்காத நாள்களில் சர்க்கரை, புரதம், கொழுப்பு ஆகியவற்றை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். அந்த மெல்லிய குழாய் உடலுக்குள் நாள்கணக்கில் இருக்கும். கேண்டிடா அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். மருந்து அந்தப் படலத்துக்குள் எளிதில் புகாது. அதனால்தான் ரத்தத்தில் பூஞ்சை இருப்பது உறுதியானதும் மருத்துவர்கள் முதலில் குழாயை எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

நூறு குழந்தைகள் சொன்னது

குடியேற்றத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2001ல் வெளிவந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் காஃப்மன் குழுவினர் ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள 100 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 50 பேருக்கு ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து, 50 பேருக்கு வெறும் கரைசல், ஆறு வாரங்கள் வரை. மருந்து பெறாத குழந்தைகளில் 60 விழுக்காட்டினரிடம் பூஞ்சை குடியேறியது. 20 விழுக்காட்டினருக்கு அது உள்ளே ஊடுருவியது. மருந்து பெற்றவர்களில் குடியேற்றம் 22 விழுக்காடு. ஊடுருவிய தொற்று ஒருவருக்குக்கூட இல்லை.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பூஞ்சை ஒட்டியிருந்த குழந்தைகள் எல்லோருக்கும் நோய் வரவில்லை, பெரும்பாலோர் தப்பித்தார்கள். அதே சமயம், ஒட்டுவதைக் குறைத்தால் ஊடுருவுவதும் குறைகிறது. ஆக, இரண்டுக்கும் நடுவில் நமக்கு ஓர் அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு உண்டு. 2006ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, ஒரு கிலோவுக்குக் குறைந்த 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றியது. சில மருத்துவமனைகளில் 100 பேரில் 2 பேருக்கு ஊடுருவும் தொற்று என்றால், வேறு சிலவற்றில் 20 பேருக்கு. குழந்தைகளின் எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் போன்ற நடைமுறைகள் மாறுபட்டன. அந்த ஆய்வில் தொற்று வந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் இறந்தார்கள் அல்லது வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிழைத்தார்கள். வந்தபின் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதில் மருத்துவர்கள் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

சண்டிகரில் நடந்தது

பூஞ்சை குழந்தையை வந்தடைய இரண்டு வழிகள். ஒன்று தாய். பிறக்கும்போதே வந்து ஒட்டுவது, பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற வகை. இன்னொன்று கைகள். மருத்துவர், தாதி, பெற்றோர், யாருடைய கையாகவும் இருக்கலாம். கேண்டிடா பாராசிலோசிஸ் என்ற வகை கைகளில் தங்குவதற்குப் பெயர்போனது.

கைகள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் வட இந்தியாவின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே 1996 ஏப்ரல் முதல் 1998 பிப்ரவரி வரை, 23 மாதங்களில், பச்சிளங்குழந்தைகளும் சிறுவர்களுமாக 379 பேரின் ரத்தத்தில் ஒரே பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் பிக்கியா அனோமலா. அதுவரை மனிதர்களிடம் அரிதாகவே பார்க்கப்பட்ட ஈஸ்ட் அது. குழந்தைகள் அவசரப் பிரிவில் தொடங்கி, குறைமாதக் குழந்தைகளின் அறைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பரவியது. எடை மிகக் குறைந்தவர்களும் நீண்ட நாள் தங்கியவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

பூஞ்சையியல் மருத்துவர் அருணாலோக் சக்கரவர்த்தியும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தபோது, பணியாளர் சிலரின் கைகளிலேயே அந்தப் பூஞ்சை இருப்பது தெரிந்தது. ஒரு குழந்தையைத் தொட்ட கை அடுத்த குழந்தையைத் தொட்டிருக்கிறது. பணியாளர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி இயக்கம் நடத்தி, குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆபத்து மிகுந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுத்த பிறகுதான் பரவல் அடங்கியது. தங்கள் மருத்துவமனையில் நடந்ததை மூடி மறைக்காமல் 2001ல் அவர்களே ஆய்விதழில் வெளியிட்டார்கள். மற்ற மருத்துவமனைகள் கற்றுக்கொள்ள அது உதவியது.

இவ்வளவு பெரிய பரவலை அடக்கியவை சோப்பும் தண்ணீரும் பழைய மருந்துகளும்தான் என்பதைக் கவனியுங்கள்.

அஞ்சலில் பிறந்த மருந்து

சண்டிகரில் பயன்பட்ட இரண்டு மருந்துகளில் ஒன்று நிஸ்டாட்டின். குழந்தைகளின் வாயில் விடும் மஞ்சள் நிறச் சொட்டு மருந்தாகப் பலருக்கும் பழக்கமானது. இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில் நுண்ணுயிர் ஆய்வாளர். ரேச்சல் பிரௌன் அதே மாநிலத்தின் ஆல்பனி நகரில் வேதியியலாளர். இருவரும் மாதிரிகளை அஞ்சலில் அனுப்பிக்கொண்டே ஆய்வு செய்தார்கள். தோழர் ஒருவரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்று பூஞ்சையைக் கொன்றது. 1950ல் அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்தே மருந்துக்குப் பெயர் வைத்தார்கள். உரிமத் தொகையைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆய்வுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று ஃபுளூகோனசோல். வாரம் இரண்டு முறை கொடுத்தாலே குடியேற்றத்தைக் குறைக்கிறது. அப்படியானால் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் மருத்துவர்களுக்குத் தயக்கம். நோயில்லாத நூறு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துச் சிலரைக் காப்பாற்றுகிறோம். அதே மருந்து, தனக்கு அடங்காத பூஞ்சை வகைகளுக்கு வழிவிட்டுவிடக்கூடும். 2009ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முறையாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் அப்படிப்பட்டது. ஃபுளூகோனசோல் பெரும்பாலும் அதனிடம் பலிப்பதில்லை. படுக்கையிலும் கருவிகளிலும் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் முதல் வரிசையில் அதுவும் இருக்கிறது.

அதனால் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி நடுவழி ஒன்றைச் சொல்கிறது. ஊடுருவும் தொற்று 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் பிரிவுகளில், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஃபுளூகோனசோலைத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கலாம். ஒரு மருத்துவமனையில் கொடுக்கிறார்கள், இன்னொன்றில் கொடுக்கவில்லை என்றால் இரண்டும் சரியாக இருக்கலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குழந்தைக்கு நாம் என்ன செய்யமுடியும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பெற்றோருக்கு, செய்ய நிறையவே இருக்கிறது.

முதலில் கைகள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கோயிலில் கட்டிய கயிறும் அப்படித்தான். கை கழுவும்போது அது நனையும், சீக்கிரம் காயாது. ஈரம் பூஞ்சைக்குப் பிடித்த இடம். அம்மனுக்கு முன் கழற்றிவைத்துவிட்டு, குழந்தை வீட்டுக்கு வந்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டு நகம் வேண்டவே வேண்டாம். கைபேசியைத் தொட்ட கையால் குழந்தையைத் தொடாதீர்கள். படம் எடுத்தால் மறுபடி கையைச் சுத்தப்படுத்துங்கள்.

அடுத்தது தாய்ப்பால். பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதம், கிருமிகளுக்குத் தேவையான இரும்புச் சத்தை அவற்றுக்குக் கிடைக்காமல் செய்கிறது. இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. பால் செரிக்கத் தொடங்கினால் ரத்தக் குழாய் வழியாக உணவு தரவேண்டிய தேவை குறைகிறது. குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். பூஞ்சைக்கு ஒரு வாசல் அடைபடும். பால் போதவில்லை என்றால் மனம் உடைந்துவிடாதீர்கள். கேகேயில் 2017ல் தொடங்கப்பட்ட தாய்ப்பால் வங்கி, மற்றத் தாய்மார்கள் தானமாகத் தரும் பாலைப் பதப்படுத்திக் குறைமாதக் குழந்தைகளுக்கு வழங்குகிறது. பால் எடுக்கும் கருவியின் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழுவி, கிருமி நீக்கி, நன்றாகக் காயவையுங்கள். மார்புக் காம்பில் எரிச்சலோ சிவப்போ இருந்தால் தாதியிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, தோலோடு தோல் சேர்த்து அணைப்பது. கங்காரு பராமரிப்பு என்று இதைச் சொல்வார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு முடிந்த அளவு விரைவிலேயே இதைத் தொடங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் பரிந்துரைத்தது. பூஞ்சைக்குப் பயந்து குழந்தையைத் தொடாமலே இருப்பது தவறு. தாய் தந்தையின் தோலில் உள்ள சாதாரணக் கிருமிகள் குழந்தையிடம் குடியேறுவது நல்லதே.

நான்காவது, வெளியிலிருந்து எதையும் கொண்டுபோகாமல் இருப்பது. "கண்ணு பட்டுடும், ஒரு பொட்டு மட்டும் வச்சிடும்மா," என்பார் பாட்டி. திருநீறு, மை, சேனை வைக்கத் தேன், தேங்காய் எண்ணெய், வசம்பு எல்லாம் அன்பில் வருபவைதான். ஆனால் ஈரக் காகிதம் போன்ற தோலில் பூசும் எதுவும் மருந்துக்குச் சமம். ஹியூஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் தோலைக் காக்கப் பூசிய களிம்புக்கும் மிகச் சிறு குழந்தைகளின் பூஞ்சைத் தொற்றுக்கும் தொடர்பு இருப்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. பங்ளாதேஷில் சூரியகாந்தி எண்ணெய் பூசியதில் தொற்று குறைந்தது என்ற ஆய்வும் உண்டு. எந்தக் குழந்தைக்கு, எந்த எண்ணெய், எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்லமுடியும்.

கடையில் வாங்கும் சத்துப் பொடியும் அப்படியே. 2014ல் அமெரிக்காவில், 29 வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்று குடலில் பூஞ்சை பரவி இறந்தது. குடலுக்கு நல்லது என்று மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட நல்ல பாக்டீரியாப் பொடியிலேயே பூஞ்சை கலந்திருந்தது.

மருத்துவர் சந்தேகப்படுவது எப்போது?

பெரியவர்களுக்கு வருவது போலக் காய்ச்சல் வரவேண்டும் என்பதில்லை. குழந்தை திடீரென்று மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், தட்டணுக்கள் குறையும். வயிறு உப்பும், பால் இறங்காது. ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தாலும், எடுக்கமுடிவது சில துளிகள்தான் என்பதால், பூஞ்சை உள்ளே இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் முடிவுக்குக் காத்திராமலே சில சமயம் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். தொற்று உறுதியானால் கண், சிறுநீரகம், இதயம், மூளை எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். ரத்தம் சுத்தமான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் மருந்து தொடரும். "சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் ஊசி?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மருத்துவர் வரும்போது கேட்பதற்கு நான்கு கேள்விகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிபயாடிக் எதற்காகக் கொடுக்கிறீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்? உணவுக் குழாயை எப்போது எடுக்கமுடியும்? இந்தப் பிரிவில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கொடுப்பதுண்டா? என் பால் எவ்வளவு செரிக்கிறது? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் எரிச்சலடையமாட்டார்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எளிதான சிகிச்சை உண்டு.

உறவினர்களிடம் சொல்லவேண்டியது ஒன்று மிச்சம். பூஞ்சை தாயிடமிருந்து வந்திருக்கலாம், பத்துக் கைகளில் ஏதோ ஒன்றிலிருந்தும் வந்திருக்கலாம். தாயிடம் அது இருந்தது அவர் செய்த பிழையால் இல்லை, நம் எல்லோரிடமும் இருப்பதுதான் அவரிடமும் இருந்தது. குழந்தையை நோயாளியாக்கியது அது சீக்கிரம் பிறந்ததும் மதில்கள் எழும்பாததும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்து, புட்டியில் பெயர் எழுதி, ரயிலேறி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பெண்ணிடம் "உன்னால்தான் வந்தது" என்று யாரும் சொல்லக்கூடாது. அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு செய்து கொடுங்கள். அந்தப் பாலும் அவர் கழுவிய கைகளும்தான் இப்போது குழந்தைக்கு மதில்.